வீட்டில் அக்வாபோனிக்ஸ்: மீனும் காய்கறியும் ஒரே தண்ணீரில், முதல் தடவை செய்பவர்களுக்கு

என் முதல் தொட்டியில் விட்ட மீன் குஞ்சுகள் ஒன்பதாவது நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. பதினோராவது நாள் காலையில் நாற்பதில் ஆறுதான் மிச்சம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஏர் பம்ப் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, தீவனமும் நல்ல தீவனம். என்ன தப்பு என்று அன்றைக்குப் புரியவே இல்லை. அதற்கப்புறம்தான் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன்: லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா. தொட்டி கட்டிய மறுநாளே மீன் விட்டதுதான் காரணம். ஐந்து வாரம் பொறுத்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்கும்.

நீங்களும் அதே தப்பைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடிக்கு அதுதான் சாப்பாடு. இந்த இரண்டு பாக்டீரியாவும் புதுத் தொட்டியில் இல்லை, தானாக வந்து பெருக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நீங்கள் முதலில் வளர்க்கப் போவது மீனும் இல்லை, கீரையும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தைத்தான்.

1. ஒன்றும் வாங்குவதற்கு முன் கேட்டு முடிக்க வேண்டியவை

முதலில் எடை. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 500 லிட்டர் தொட்டியும் அதற்கு ஏற்ற, செடி வளரும் சரளைப் பாத்திகளும் சேர்ந்தால் ஒன்றேகால் டன்னைத் தாண்டிவிடும், ஏனென்றால் சரளை லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ கனக்கும். தரையில் வைக்கிறீர்கள் என்றால் கவலை இல்லை. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைப்பதாக இருந்தால், அந்தத் தளம் சதுர மீட்டருக்கு எவ்வளவு தாங்கும் என்று கட்டட வரைபடம் தெரிந்த பொறியாளரிடம் கேட்டு, முடிந்தால் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதமும், அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். தொட்டி நிரம்பிய பிறகு நகர்த்த முடியாது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது மீன் இனம். வெளியே தப்பினால் உள்ளூர் நீர்நிலைகளைக் கெடுக்கும் என்பதால் பல நாடுகளில் சில இனங்களுக்குத் தடையோ உரிமமோ உண்டு. திலேப்பியாவும் சில கெளுத்தி வகைகளும் இந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். மீன்வளத் துறையில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். குஞ்சு வாங்கும்போது இனத்தின் பெயர் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள், யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அதுதான்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தண்ணீரின் வெப்பம், பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், போட்ட தீவனம் எத்தனை கிராம், புதிதாக ஊற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், செத்த மீன் எத்தனை. ஏதாவது கெட்டுப்போனால் எப்போதிலிருந்து என்று சொல்லக்கூடியது அந்த நோட்டு மட்டும்தான். நான் இரண்டாவது தடவை தப்பித்தது இதனால்தான்.

2. எந்த அளவில் தொடங்குவது

சின்னதாக ஆரம்பித்தால் சுலபம் என்று தோன்றும், ஆனால் தண்ணீர் விஷயத்தில் அது தலைகீழ். 50 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து அழுகினாலே அரை நாளில் மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும், வெயில் ஏறினால் வெப்பமும் கூடவே ஏறும். 500 லிட்டரில் உங்களுக்கு யோசிக்க ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.

நான் சொல்லும் அளவு இது: 500 லிட்டர் மீன் தொட்டி, 30 செ.மீ. ஆழமுள்ள சரளைப் பாத்தி மொத்தம் 1.5 சதுர மீட்டர் (இரண்டாகப் பிரித்து வைத்தால் நல்லது), மீன் 15. இந்தப் பதினைந்து என்ற எண்ணைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம். மீன் வளரும், மீனோடு தீவனமும் வளரும், தீவனத்தோடு கழிவும் வளரும். இன்றைக்குத் தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று குஞ்சுகளைக் கூட்டினால் நான்கு மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டு அமைப்பில் 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்பதே உச்சம், புதிதாகத் தொடங்குபவர் அந்த 10 கிலோ கணக்கிலேயே நின்றுகொள்வது நல்லது.

3. சாமான்களும் செலவும்

தொட்டிக்கு உணவுத் தரப் பிளாஸ்டிக் வேண்டும். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் நான் நம்ப மாட்டேன். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தொட்டி என்றால் வெளிப்பக்கம் அடர்நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் பாசி பிடித்துப் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

பாத்திக்கு 8 முதல் 20 மி.மீ. அளவுச் சரளை, அல்லது சுட்ட களிமண் உருண்டை. உருண்டை எடை குறைவு, கைக்கு இதம், ஆனால் விலை பல மடங்கு. சரளை வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது, பி.எச். ஏறிக்கொண்டே போகும், எதைப் போட்டும் இறக்க முடியாது. நுரைக்காத கல்லை எடுத்து, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். முதுகு ஒடியும் வேலைதான், இருந்தாலும் கழுவாமல் போட்டால் அந்தத் தூள் எல்லாம் மோட்டாருக்குள் போய் உட்காரும்.

மோட்டார், தொட்டித் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒரு தடவையாவது சுற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: டப்பாவில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரை மேலே தூக்காமல் ஓடும்போது வருவது. ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் நன்றாகக் குறைந்துவிடும். டப்பாவின் பின்பக்கம் உயரத்துக்கு எவ்வளவு வரும் என்ற வரைபடம் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் நின்றாலும் காற்று நிற்காமல் இருக்கத் தனி ஏர் பம்ப்பும் இரண்டு ஏர் ஸ்டோனும் (காற்றைச் சின்னக் குமிழிகளாக விடும் கல்) கட்டாயம் வேண்டும்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு, இவை எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் கரைந்தாலே மீனுக்கு ஆபத்து. குழாய், வால்வு எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே பாருங்கள்.

செலவு என்று பார்த்தால், ஆரம்பத்தில் பெரிய தொகை தொட்டிக்கும் சரளைக்கும் பாத்தியைத் தாங்கும் ஸ்டாண்டுக்கும் போகும். அப்புறம் மாதாமாதம் வருவது கரண்டும் தீவனமும். 40 வாட் மோட்டார் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட், மாதம் 29. ஏர் பம்ப் 10 வாட் என்றால் இன்னொரு 7 யூனிட். திலேப்பியா 1 கிலோ ஏற ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனம் தின்னும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். கணக்கு போடாமல் இறங்குபவர்கள் ஆறாம் மாதத்தில் மனம் நொந்து நிறுத்திவிடுகிறார்கள். இந்த அளவில் மீனில் பெரிதாக மிச்சம் வராது, கீரையில்தான் வரும் என்பது என் அனுபவம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று டெஸ்ட் கிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் திரவக் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டைகள் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருப்பதில்லை. காலாவதித் தேதியையும் பாருங்கள், பழைய திரவம் பொய் சொல்லும்.

4. பொருத்துவது

தொட்டி கீழே, பாத்தி மேலே. மோட்டார் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும், பாத்தி நிரம்பியதும் தண்ணீர் மறுபடி தொட்டியில் விழும். நிரம்பி வடிவதுதான் முக்கியம், வடியும்போதுதான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று கிடைக்கிறது.

இதை பெல் சைஃபன் வைத்துச் செய்யலாம், டைமர் வைத்தும் செய்யலாம். பெல் சைஃபன் என்பது நடுவில் நிற்கும் ஒரு குழாய், அதன் மேல் கவிழ்த்த பெரிய குழாய் (இதுதான் மணிக் குழாய்), இரண்டையும் சுற்றிச் சரளை உள்ளே வராமல் துளையிட்ட காப்புக் குழாய், அவ்வளவுதான். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்ததும் தானாக இழுத்து முழுவதையும் கொட்டிவிடும். ஆனால் அதை வழிக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இழுக்கவே ஆரம்பிக்காமல் சும்மா வழிந்துகொண்டிருந்தால் வரும் தண்ணீர் குறைவு. இழுக்க ஆரம்பித்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வரும் தண்ணீர் அதிகம், அல்லது மணிக் குழாயின் அடியில் காற்று நுழைய இடம் போதவில்லை. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நடுநிலையைப் பிடிக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் டைமர் போடுங்கள்: மணிக்குக் கால் மணி நேரம் மோட்டார் ஓடும், நிற்கும்போது அடியில் உள்ள துளை வழியாகப் பாத்தி வடியும். ஒன்று மட்டும், கால் மணி நேரமே ஓடுவதால் அதற்குள் தொட்டித் தண்ணீர் முழுவதையும் தள்ளக்கூடிய பெரிய மோட்டார் வேண்டும்.

பாத்தியில் தண்ணீர் ஏறும் உச்சம் சரளையின் மேல்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மேல் கல் காய்ந்தே இருந்தால் பாசி வராது, கொசு முட்டையிடாது, தண்டு அழுகாது.

இப்போது சொல்லப் போவதை அவசியம் செய்யுங்கள். மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். தொட்டி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே, ஒரு கல்லின் மீதோ தொங்கவிட்டோ வையுங்கள். மேலே போகும் பைப் கழன்றுவிட்டால் அடியில் இருக்கும் மோட்டார் கடைசிச் சொட்டு வரை வெளியே கொட்டிவிடும். மேலே இருந்தால் மீனுக்குக் கொஞ்சம் தண்ணீராவது மிஞ்சும். பாத்திகள் நிரம்பும்போது தொட்டியில் 150, 180 லிட்டர் வரை குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மீன் இல்லாமல் மூன்று நாள் ஓடவிட்டு ஒழுகல் பாருங்கள்.

5. தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மீனையும் கொல்லும், நீங்கள் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். ஏர் ஸ்டோன் போட்டு 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோராமின் கலக்கிறார்கள், அது எளிதில் போகாது. அதற்குச் சோடியம் தயோசல்ஃபேட் அல்லது வைட்டமின் சி தூள் போட வேண்டும். எது கலக்கிறார்கள் என்று தண்ணீர் தருபவர்களிடமே கேட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்புச்சத்து இல்லாததால் பி.எச். சட்டென்று இறங்கும். கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்தால் அருமையாக அமையும்.

6. மீன் இல்லாமல் தண்ணீரைப் பழக்குவது

இந்த இடத்தில்தான் நான் தோற்றேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீனுக்குப் பதிலாக நீங்களே அம்மோனியா போட்டு பாக்டீரியாவுக்குத் தீனி கொடுக்க வேண்டும். அமோனியம் குளோரைடு கிடைத்தால் நல்லது: 500 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராமைச் சுற்றி வரும். திரவ அம்மோனியா வாங்கினால் வாசனையோ சோப்போ கலக்காததாகப் பாருங்கள், பாட்டிலைக் குலுக்கினால் நுரை நிற்கக் கூடாது. திரவத்தைத் திறந்த வெளியில் வைத்து, முகத்துக்கு அருகே கொண்டுபோகாமல் கையாளுங்கள்.

போட்ட பிறகு தினமும் சோதியுங்கள். முதல் வாரம், பத்து நாள் அம்மோனியா அப்படியே நிற்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும், நடக்கிறது. இந்த பாக்டீரியா ஒரு தடவை இரட்டிப்பாகவே முக்கால் நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் அம்மோனியா இறங்கி நைட்ரைட் தெரியும். அம்மோனியா 0.5க்கு வந்தால் மறுபடி 2க்கு ஏற்றுங்கள். நைட்ரைட் கன்னாபின்னாவென்று ஏறும், நிறம் கிட்டின் கடைசிக் கட்டத்துக்கே போகும், அந்த நேரத்தில் மட்டும் அம்மோனியாவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நைட்ரைட் இறங்க ஆரம்பிக்கும், நைட்ரேட் தெரியும்.

முடிந்துவிட்டது என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான். அம்மோனியாவை 2க்கு ஏற்றி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் இருக்கிறது. இதை அடுத்தடுத்து இரண்டு நாள் பார்த்துவிட்டால் மீன் வாங்கக் கிளம்பலாம். தண்ணீர் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரம். 17 டிகிரிக்குக் கீழே போனால் எல்லாமே மந்தமாகிவிடும், குளிர்காலத்தில் தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது. நோயில்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியிலிருந்து இரண்டு கை சரளையோ வடிகட்டிப் பஞ்சோ கிடைத்தால் அதைக் கொண்டுவந்து பாத்தியில் புதைத்துவிடுங்கள், காலம் நன்றாகக் குறையும்.

இந்த வாரங்களில் பி.எச். 7லிருந்து 8க்குள் இருந்தால் பாக்டீரியாவுக்குப் பிடிக்கும். மீன் வந்த பிறகு 6.8 முதல் 7.2க்குள் வைத்துக்கொண்டால் மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் ஒத்துப்போகும்.

நிறைய பேர் செய்யும் இன்னொரு தப்பு: மூன்றாவது வாரத்தில் தண்ணீர் கொஞ்சம் கலங்கிவிட்டதே என்று பாதியைக் கொட்டிவிட்டுச் சரளையைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது. பாக்டீரியா அந்தக் கல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலசினால் முதல் நாளுக்குப் போய்விடுவீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், நாற்று விடுங்கள்.

7. மீன் தேர்வும், விடுவதும்

உங்கள் தண்ணீர் எந்த வெப்பத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற மீனை எடுங்கள். ஒரு மீன் மனதுக்குப் பிடித்துவிட்டதே என்பதற்காகத் தண்ணீரைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ கிளம்பினால் கரண்ட் செலவு முழுங்கிவிடும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு என்றால் திலேப்பியா. 25 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக வளரும், நிறையப் பொறுத்துக்கொள்ளும். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் இடம் என்றால் கெண்டை. மின்வெட்டு அதிகம் என்றால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடிய கெளுத்தி இனங்கள். சாப்பிட வேண்டாம், கீரைக்கு உரம் கிடைத்தால் போதும் என்பவர்களுக்குத் தங்கமீனும் கோய் என்ற அலங்காரக் கெண்டையும் அருமையானவை.

30 கிராம் சுற்றியுள்ள குஞ்சாக, எல்லாம் ஒரே அளவாகக் கேட்டு வாங்குங்கள். அளவு வேறுபட்டால் பெரியது சின்னதை விரட்டும், கெளுத்தியாக இருந்தால் தின்றேவிடும். பையோடு தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வர வேண்டாம். முதல் நாள் தீவனம் வேண்டாம்.

8. தீவனம்: இதுதான் கடிவாளம்

மொத்த அமைப்பையும் நடத்துவது தீவனத்தின் கிராம் கணக்கு. கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்று ஒரு கணக்கு உண்டு. 1.5 சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு 60 முதல் 75 கிராம். உங்கள் 15 குஞ்சும் ஆரம்பத்தில் எடையில் 4 சதவீதம், அதாவது 18 கிராம்தான் தின்னும், ஆகவே முதலில் பாத்தியில் கால் பங்குக்கு மட்டும் செடி வையுங்கள். ஒவ்வொன்றும் 300 கிராம் ஆகும்போது ஒன்றரைச் சதவீதம் என்று வைத்தாலும் 67 கிராம் வந்துவிடும். இந்தப் பதினைந்து என்ற எண் அங்கிருந்து வந்ததுதான்.

மிதக்கும் தீவனம் வாங்குங்கள், தின்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். திலேப்பியாவுக்கு 32 சதவீதப் புரதம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டு, அரை மணி நேரத்தில் மிஞ்சியதை வலையால் அள்ளிவிடுங்கள். மீன் தின்னாமல் நின்றால் தீவனத்தைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ 1 மில்லிகிராமைத் தொட்டால்: தீவனம் நிறுத்தம், காற்றைக் கூட்டுங்கள், குளோரின் போன தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். அந்த நேரத்தில் பி.எச்.சைத் தொடாதீர்கள். அம்மோனியாவின் விஷம் பி.எச்.சைப் பொறுத்தது, 7லிருந்து 8க்கு ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். என் ஆறு குஞ்சுகளில் மேலும் இரண்டை நான் இழந்தது இந்த அவசரத்தில்தான்.

9. செடிகள்

முதல் ஆறு மாதம் கீரை, லெட்யூஸ், துளசி வகைகள், புதினா. தக்காளி ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் தண்ணீரில் சத்து சேர்ந்து அமைப்பு முதிர்ந்த பிறகுதான் அது ஒழுங்காகக் காய்க்கும். புதினாவின் வேர் சைஃபனுக்குள் புகுந்து அடைக்கும், அதை ஒரு மூலையில் சின்னச் செடித் தொட்டியோடு புதைத்து வையுங்கள்.

மண்ணில் வளர்த்த நாற்றை எடுத்தால் வேரை நன்றாக அலசிவிட்டு நடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் பிடுங்கினால் தண்ணீரிலிருந்து நைட்ரேட்டை எடுக்க ஆள் இல்லாமல் போகும். வாரம் கொஞ்சமாக நடுங்கள், வாரம் கொஞ்சமாக அறுங்கள். லெட்யூஸ் நட்டு ஒரு மாதத்தில் கைக்கு வரும்.

மீன் தீவனத்தில் செடிக்குப் பற்றாமல் போவது மூன்று: இரும்பு, கால்சியம், பொட்டாசியம். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் வெளுத்தால் இரும்பு. அதற்குச் சீலேட் செய்த இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும்படி தண்ணீரில் கரைந்தே நிற்கும் வகை) போட வேண்டும், ஆணி போட்டு வைப்பதால் பயன் இல்லை. வாங்கும்போது டப்பாவில் டி.டி.பி.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள், நம் பி.எச்.சில் அது வேலை செய்யும், ஈ.டி.டி.ஏ. என்பது இந்த பி.எச்.சில் நிலைக்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு போதும்.

10. பி.எச். தானாக இறங்கும், பயப்படாதீர்கள்

பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும், இரண்டு மூன்று மாதத்தில் பி.எச். 6.5க்கு வந்து நிற்கும். 6க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிடும், அம்மோனியா ஏறும். ஆகவே வாரம் ஒரு தடவை பார்த்து, நீற்றிய சுண்ணாம்பும் பொட்டாசியம் கார்பனேட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். செடிக்குக் குறையும் கால்சியமும் பொட்டாசியமும் கூடவே கிடைத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பாத்தியில் மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளில் 0.2க்கு மேல் ஏற்ற வேண்டாம். சமையல் சோடா கையில் கிடைக்கும்தான், ஆனால் அதிலுள்ள சோடியம் சேர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் செடியைக் கருக்கும்.

மற்ற வேலைகள் கொஞ்சம்தான். காலையில் மீனைப் பார்ப்பது, தீவனம், தொட்டியில் குறைந்த தண்ணீரை நிரப்புவது (நாளுக்கு 1 முதல் 3 சதவீதம் குறையும்), வாரம் ஒரு தடவை எல்லாச் சோதனையும், மாதம் ஒரு தடவை மோட்டாரைக் கழற்றிக் கழுவுவது. ஒரு கைப்பிடி மண்புழுவைப் பாத்தியில் விட்டால் கசடை அது பார்த்துக்கொள்ளும்.

11. கரண்ட் போனால்

நெருக்கமாக மீன் இருக்கும் தொட்டியில் காற்று நின்றால் ஒரு மணி நேரத்திலேயே திணறல் ஆரம்பிக்கும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்குவதாக வாங்கி மாட்டிவிடுங்கள். 500 லிட்டருக்கு ஐந்து வாட் பம்ப்பே தாங்கும், மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டிய அவசியமில்லை. பாத்தி சில மணி நேரம் ஈரமாகவே இருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள்.

12. பூச்சி வந்தால்

எந்தப் பூச்சிமருந்தும் நேராக மீனுக்குத்தான் போகும். செம்பு கலந்த மருந்து, சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் எல்லாமே ஆபத்து. கையால் பொறுக்குங்கள், வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிருங்கள், வலை கட்டுங்கள், தாங்காத செடியைப் பிடுங்கி எறியுங்கள். புழுவுக்கு மட்டும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவின் கரைசலை இலையில் அளவாகத் தெளிக்கலாம். அதேபோல் மீனுக்கு நோய் வந்தால் தனி டப்பில் எடுத்து வைத்து உப்போ மருந்தோ கொடுங்கள், தொட்டியில் போடாதீர்கள், உப்பு செடியைக் கெடுக்கும்.

சத்து கூடட்டும் என்று சாணம், கோழி எரு எதுவும் போடக் கூடாது. பச்சையாகத் தின்னும் இலைக்கு நோய்க்கிருமி போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் தொட்டித் தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் இருப்பதும்.

13. மீனை எடுப்பதும், அடுத்த குஞ்சும்

வெப்பம் ஒத்துழைத்தால் திலேப்பியா ஆறு முதல் எட்டு மாதத்தில் சாப்பிடும் அளவுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துவிடாதீர்கள், செடிக்கு உணவு நின்றுபோகும். 300 கிராம் தாண்டியதை ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததைச் சுத்தமான தண்ணீரில் ஏர் ஸ்டோன் போட்டு ஒன்றிரண்டு நாள் தீவனமில்லாமல் வைத்தால் மண்வாடை குறையும்.

பெரியது குறையக் குறையப் புதுக் குஞ்சு சேர்க்கலாம். வாங்கியதைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து, புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இல்லையென்று தெரிந்த பிறகு, பெரிய மீன் கடித்துவிடாமல் வலைத் தடுப்புக்குள் விடுங்கள். அந்தத் தனித் தொட்டிக்கும் பழகிய பாக்டீரியா வேண்டும், அதனால் குஞ்சு வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பஞ்சுத் துண்டைப் பெரிய பாத்தியின் சரளைக்குள் புதைத்து வைத்துவிடுங்கள். குஞ்சு வரும் அன்றைக்கு அதை எடுத்துத் தனித் தொட்டியின் வடிகட்டிக்குள் வைத்தால் போதும்.